நாற்காலியை இழுத்தவள்

பொன்மலை
7.7.2024

அன்புள்ள குழலிக்கு,

சேசுவுக்கே புகழ். டோரதி எழுதுகிறேன். எந்த டோரதி என்று நீ கேட்கமாட்டாய். என் தம்பி மருமகள் மலர்க்கொடி போன வாரம் உன் வீட்டுக்குப் போன் செய்தாள். என் பேரைச் சொன்னதும் நீ வைத்துவிட்டாயாம். எனக்கோ காது சுத்தமாகப் போய்விட்டது. நானே பேசலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அதனால் கடிதம். கிழிக்கிறதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு போட்டோ வந்திருந்தது. இரண்டு பெண்கள். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. 'இந்த நகைச்சுவை நடிகைகள் யார் என்று தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்' என்று கீழே போட்டிருந்தது. நெட்டை நான். குட்டை நீ. நமக்குப் பேர்கூட இல்லாமல் போட்டிருந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

குத்புதீன் என்று ஒரு காலேஜ் வாத்தியார் பழைய படச்சுருள்களைத் தேடிச் சேர்க்கிறவர். துறையூர்ப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு டூரிங் கொட்டகையில் நம்முடைய காட்சி மட்டும் ஒரு டப்பாவில் கிடைத்திருக்கிறது. எந்தப் படம் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நமக்கு எப்போது தெரிந்தது? சிரிப்புக் காட்சியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்கள், பிறகு எந்தப் படத்தில் தோதுப்படுகிறதோ அதில் ஒட்டுவார்கள். கதாநாயகன் யார் என்றுகூடத் தெரியாமல்தான் மூன்று வருடம் நடித்தோம்.

செப்டம்பர் 15, ஞாயிறு. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காலேஜ் அரங்கில் திரையிடுகிறார்கள். இரண்டு பேரையும் மேடையில் உட்கார வைக்க ஆசைப்படுகிறார். நீ வந்தால் நான் வருகிறேன். நீ வரவில்லை என்றால் எனக்கும் வேண்டாம்.

எது கிடைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று பிறகு பேச்சு வரக்கூடாது. நாற்காலிக் காட்சி. நீ விழுகிற காட்சி.

அன்புடன்,
டோரதி


ஸ்ரீரங்கம்
15.7.2024

திருமதி டோரதி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அக்கா என்று எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும். அந்த வார்த்தையை 1956இல் மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

என் இடுப்பு முறிந்ததை ஊர் கூடிப் பார்த்துச் சிரிக்கும், நான் மேடையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா என்பார்கள். காக்கையே வந்து எருதைக் கூப்பிடுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அடுத்த படத்தில் எனக்கு ஒரு பாட்டு கொடுப்பதாகச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்குக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லி நான்கு நாளைக்குள் நாற்காலியை இழுத்தீர்கள். நான் சைகை கொடுக்கும் முன்னால் இழுத்தீர்கள். மெத்தை வரும் முன்னால் இழுத்தீர்கள். மூன்று மாதம் படுத்துக் கிடந்தேன். எழுந்தபோது என் பாட்டை வேறொருத்தி பாடிவிட்டாள். அண்ணன் தாயுமானவன், நொண்டுகிற பெண்ணுக்கு வந்ததே பெரிசு என்று, ரயில்வே கணக்கர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான்.

ரங்கசாமி, என் வீட்டுக்காரர், நல்ல மனுஷர். போய்ப் பல வருடம் ஆகிறது. அவருக்கு மட்டும் நான் நடித்தது தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மத்தியானம், யாருக்கும் தெரியாமல், ஏதோ ஒரு படத்தில் நம் காட்சியைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு டவுனுக்குக் கூட்டிப்போனார். அன்றைக்குப் படம் நீளம் என்று கொட்டகைக்காரன் சிரிப்புக் காட்சியை வெட்டிவிட்டான். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தோம். நான் வரவே இல்லை. 'பரவாயில்ல விடு, எனக்குத் தெரியும்ல' என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவருடைய பெண் மைதிலியைப் பிள்ளையாகத்தான் வளர்த்தேன். இப்போது அவளோடுதான் இருக்கிறேன், அம்மா மண்டபம் ரோட்டில். அவளுக்குக்கூட இதெல்லாம் தெரியாது. நான் எங்கே உட்கார்ந்தாலும் கையைப் பின்னால் விட்டு நாற்காலி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். 'அம்மா, அது ஓடிப்போகாதும்மா' என்று கேலி செய்வாள். ஓடிப்போன நாற்காலியைப் பார்த்தவள் நான் என்று அவளிடம் சொன்னதில்லை.

நான் வருவதாக இல்லை.

இப்படிக்கு,
ரா. மட்டுவார்குழலி


பொன்மலை
22.7.2024

அன்புள்ள குழலிக்கு,

நீ திருமதி போட்டிருக்கிறாய். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. கோபத்தில் எழுதக்கூடாது என்று. இப்போதும் கோபம் போகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பாட்டுக்காக நான் இழுத்தேன் என்கிறாய். என் குரல் தவளைக் குரல் என்று எனக்கே தெரியும். உனக்குப் பாட்டு கிடைத்ததென்று நான்தான் அன்றைக்கு எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். அதை மறந்துவிட்டாய்.

காட்சியை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். நீ மாமியார், நான் மருமகள். நீ வடையைத் தின்றுகொண்டே என்னைத் திட்டியபடி வந்து மேஜைக்குப் பின்னால் நிற்பாய். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உன் பின்னால் நிற்பேன். நீ வந்து நின்ற பிறகு லைட் ஆள் இருவர் கீழே மெத்தையைத் தள்ளுவார்கள். படம் பிடிக்கிறபோதே பேச்சையும் பதிவு செய்வதால் யாரும் வாய் திறக்க முடியாது. அதனால் நமக்குள் ஒரு சைகை. மெத்தை வந்ததை நீ காலால் தொட்டுத் தெரிந்துகொண்டு, வலது கையால் முந்தானையைத் தோளில் ஏற்றிவிடுவாய். அதைப் பார்த்ததும் நான் இழுப்பேன், நீ உட்காரப்போய் மெத்தையில் விழுவாய். மெத்தையைப் பார்ப்பது உன் வேலை. உன் தோளைப் பார்ப்பது என் வேலை. அப்படித்தான் பேச்சு.

நீ முந்தானையை ஏற்றினாய், குழலி. நான் இழுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்தேன். இரண்டு நாள் வந்தேன். உன் அண்ணன் வராந்தாவிலேயே நிறுத்தி, 'உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு அவ சொல்லிட்டா, போயிடு' என்றார். அதற்கு மேல் நான் என்ன செய்வேன்?

படம் இருக்கிறது. நாம் இரண்டு பேரும் பொய் சொல்லலாம், படம் சொல்லாது. நானும் அதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பொன்மலைக் கொட்டகையில் போட்டபோது போனேன், அந்த இடம் வருகிறபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளே ஜனங்கள் சிரித்தது ரோடு வரைக்கும் கேட்டது.

முதலில் நீயே பார். பிறகு பேசு.

டோரதி


ஸ்ரீரங்கம்
1.8.2024

டோரதி அவர்களுக்கு,

மெத்தை வராமல் நான் எப்படிச் சைகை கொடுப்பேன்? எனக்கு என்ன சாகப் பைத்தியமா? எத்தனையோ தரம் அந்தக் காட்சியை ஒத்திகை பார்த்திருக்கிறோம், ஒரு தரமாவது தவறியிருக்கிறேனா?

சரி. பார்க்கிறேன். உங்களுக்காக இல்லை. இத்தனை வருடம் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிற படமும் டப்பாவில் இருக்கிற படமும் ஒன்றுதான் என்று காட்டுவதற்காக. மைதிலியிடம் நேற்று விஷயத்தைச் சொன்னேன். அவள் காபி டம்ளரைக் கீழே வைக்க மறந்து அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'நீ சினிமாவுல நடிச்சியா, அதுவும் காமெடியா' என்று கேட்டாள். அம்மா சிரித்தே அவள் பார்த்ததில்லை. பிறகு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

குத்புதீன் சாரை அவளே கூப்பிட்டுப் பேசிவிட்டாள். வரும் வாரம் லேப்டாப்போடு வருகிறார்.

ஒரு நிபந்தனை. யார் மேல் தப்போ அவர் மேடையில், எல்லார் முன்னாலும், மற்றவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சம்மதமா? உங்களுக்குச் சம்மதம் என்றால் இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

மட்டுவார்குழலி


பொன்மலை
26.8.2024

அன்புள்ள குழலிக்கு,

நீ சொன்னபடி நான் பதில் எழுதவில்லை. உன்னிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை.

குத்புதீன் தம்பி நேற்று வந்திருந்தார். நீ படத்தைப் பார்த்துவிட்டதாகவும், அந்த ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னதாகவும் எழுதிக் காட்டினார். பிறகு எழுந்து உள்ளே போனவள் வெளியே வரவே இல்லையாம். வந்தவருக்குக் காபிகூட மைதிலிதான் கொடுத்தாளாம். எனக்கும் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவள் சொல்லட்டும் என்றுவிட்டேன்.

எனக்குத் தொண்ணூறு ஆகிறது, குழலி. என் தப்பாக இருந்தாலும் சொல்லிவிடு. தெரியாமல் போவதுதான் கஷ்டம்.

டோரதி


ஸ்ரீரங்கம்
2.9.2024

டோரதி அக்காவுக்கு,

பார்த்தேன்.

எழுத உட்கார்ந்து எழுந்து, இப்படியே நாள் போய்விட்டது. கை எழுதுகிறது, மனசு எழுத மாட்டேன் என்கிறது. நீ பொறுத்துக்கொள்.

படத்தில் நான் வடையோடு வருகிறேன். எவ்வளவு சின்னப் பெண், அக்கா. கன்னம் எல்லாம் வடை. திட்டிக்கொண்டே வந்து மேஜைக்குப் பின்னால் நிற்கிறேன். பின்னால் நீ, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, என் தோளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய். சாமி கும்பிடுகிற மாதிரி பார்க்கிறாய். அதுவரைக்கும் எல்லாம் நாம் பேசி வைத்தபடி.

அப்போது என் கண் கேமராவைத் தாண்டி வேறெங்கோ போகிறது. திட்டிக்கொண்டிருந்த வாய் நின்றுவிடுகிறது. முகம் மாறிவிடுகிறது. குத்புதீன் சார், 'இந்த இடத்தில் உங்கள் நடிப்பு அபாரம்' என்றார். அது நடிப்பு இல்லை. அங்கே லைட்டுக்குப் பக்கத்தில் அண்ணன் வந்து நிற்கிறார். கையில் அவருடைய ஜவுளிக்கடையின் மஞ்சள் பை. படத்தில் அவர் விழவில்லை, ஆனால் என் கண்ணைப் பார்த்ததும் அவர் எனக்குத் தெரிந்துவிட்டார். அண்ணன் நான் விழுந்த பிறகுதான் வந்தார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். முன்னாலேயே வந்துவிட்டார், அக்கா. எனக்கு ஓர் இடம் பார்த்து முடித்துவிட்டதைச் சொல்லத் திருச்சியிலிருந்து வந்திருக்கிறார்; நான் விழுந்ததும் அந்த இடம் தட்டிப்போயிற்று.

அப்பா ஆர்மோனியப் பெட்டியோடு நாடகத்துக்கு என்னைக் கூட்டிப்போகிறபோதெல்லாம் அண்ணனுக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றே ஒன்று. 'முந்தானைய ஒழுங்கா போடு.' கடை வாசலில் பார்த்தால் அதுதான், சாப்பாடு போடும்போதும் அதுதான். அவரைக் கண்டாலே என் கை தானாகத் தோளுக்குப் போகும். யோசித்துப் போவதில்லை.

படத்திலும் போகிறது. வலது கை. முந்தானையைத் தோளில் ஏற்றிவிடுகிறது. மெத்தை இன்னும் வரவில்லை.

அந்தத் தடுமாற்றத்திலேயே நான் உட்காரப் போகிறேன், நீ இழுக்கிறாய். நம் பேச்சுப்படி இழுக்கிறாய்.

அண்ணன்தான் உன்னை ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார் என்று எழுதியிருந்தாய். உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. நீ வரவில்லையே என்று அழுதுகொண்டிருந்தேன். அழுது அழுதுதான் அது கோபமாகிப்போனது. அண்ணன் இப்போது இல்லை, அவரைக் கேட்கவும் முடியாது.

நிபந்தனை நான் வைத்தது. பதினைந்தாம் தேதி மேடையில் எல்லார் முன்னாலும் உன்னிடம் கேட்கிறேன். இங்கேயும் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

குழலி


பொன்மலை
7.9.2024

குழலிக்கு,

கடிதம் கிடைத்தது. மலர்க்கொடி பயந்துவிட்டாள், யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று எழுதிக் கேட்டாள். நான் அப்படி அழுதிருக்கிறேன்.

நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். உன் தோளில் கை போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் வருடம் போகப்போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? பாட்டு கிடைக்காத பொறாமை என் கைக்குள் இருந்து, எனக்குத் தெரியாமல் இழுத்துவிட்டதா? வேறொரு பெண்ணைப் போட்டு அதே காட்சியை எடுக்கக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் கை வைத்தேன், இழுக்க வரவில்லை. அன்று ராத்திரி ரயிலிலேயே ஊருக்கு வந்துவிட்டேன், அவர்கள் நீ விழுந்ததையே படத்தில் ஒட்டிவிட்டார்கள். பிறகு மூன்று கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. போகவில்லை. ஹாஸ்டல் வார்டனாகவே காலம் போய்விட்டது. தப்பு செய்தவள் சிரிக்க வைக்கக்கூடாது என்று நானே எனக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டேன். கோவிலில் பாவத்தைச் சொல்லிச் சாமியார் பரிகாரமாகத் தவசு கொடுத்திருந்தால் அது பத்து அருள்நிறை மந்திரத்தோடு முடிந்திருக்கும்.

இப்போது நீ, நான் தப்பே செய்யவில்லை என்கிறாய். சந்தோஷப்பட வேண்டும். அப்படியானால் நான் எதற்காக அதையெல்லாம் விட்டேன் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருக்கிறேன்.

மேடையில் மன்னிப்புக் கேட்காதே. அந்த நிபந்தனையை நான் தள்ளிவிட்டேன். நடந்ததைச் சொன்னால் அந்தக் காட்சியைப் பார்த்து அப்புறம் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். நம்மிடம் மிச்சம் இருப்பது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதையும் கெடுக்க வேண்டாம்.

நான் வருவேனா என்று கேட்காதே.

டோரதி


பொன்மலை
17.9.2024

அன்புள்ள குழலிக்கு,

கூட்டத்தில் ஒன்றும் பேச முடியவில்லை. நீ பேசினாலும் எனக்குக் கேட்டிருக்காது. நீ பார்க்காத பாதியைச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

வர வேண்டாம் என்றுதான் இருந்தேன். மத்தியானம் மலர்க்கொடி புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். கட்டிக்கொண்டேன். நாங்கள் வந்தபோது விளக்கை அணைத்துவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் நான் என்னைப் பார்க்கவில்லை. உன் கையை மட்டும் பார்த்தேன். தோளுக்குப் போயிற்று. அதைப் பார்த்ததும் என் நெஞ்சில் இருந்த ஒன்று இறங்கிவிட்டது. பிறகு முன்வரிசைகளைப் பார்த்தேன். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாருடைய தோளும் குலுங்குகிறது. காலேஜ் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு குலுங்குகிறார்கள். சத்தம் இல்லாமல் சிரிப்பைப் பார்த்திருக்கிறாயா? நன்றாகத்தான் இருக்கிறது.

மேடைக்கு வருகிற எண்ணம் எனக்கு இல்லை. உன்னை மைதிலி கைப்பிடித்து ஏற்றினாள். உனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பளபளவென்று வழுவழுத் தரை. நீ எழுதியிருந்தபடியே கையைப் பின்னால் விட்டுத் துழாவினாய். கை பட்டதும் நாற்காலி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நீ அப்படியே நின்றுவிட்டாய். எல்லாரும் உட்காருங்கள் என்று கைகாட்டுகிறார்கள், நீ உட்காரவில்லை. முகம் எனக்குத் தெரிந்த முகம். அண்ணனைப் பார்த்த முகம்.

எப்படி எழுந்தேன், எப்படிப் படி ஏறினேன் என்று கேட்டால் தெரியாது. நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நீ திரும்பிப் பார்த்தாய். பிறகு முன்னால் திரும்பி, வலது கையால் முந்தானையைத் தோளில் ஏற்றிவிட்டாய். தடவிப் பார்க்காமல் உட்கார்ந்தாய்.

பிடியை நான் விடவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நீ உட்கார்ந்தபோது நான் உன் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஜனங்களைப் பார்க்கவில்லை. அவர்கள் சிரித்தார்களா?

டோரதி


ஸ்ரீரங்கம்
20.9.2024

டோரதி அக்காவுக்கு,

இல்லை அக்கா, யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு கிழவி உட்காருவதற்கு இன்னொரு கிழவி நாற்காலி பிடித்த கதை. நான் ஒருத்திதான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. மைதிலி இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறதே அவளுக்குத் தெரியாதாம். அவளுக்கு நான் செய்த அநியாயம் தனிக் கணக்கு.

நீ பிடியை விடாதது எனக்குத் தெரிந்தது. நாற்காலி அசையவே இல்லை.

அந்தப் பாட்டை நான் பாடியிருந்தால், நீ அந்த மூன்று கம்பெனிக்கும் போயிருந்தால் என்று ராத்திரி படுத்துக்கொண்டு நினைக்கிறேன். நினைத்து என்ன ஆகப்போகிறது என்று விடிந்ததும் விட்டுவிடுகிறேன், மறுநாள் மறுபடியும் வந்துவிடுகிறது. நீ பொன்மலையில், நான் ஸ்ரீரங்கத்தில். நடுவில் ஒரு காவிரிதான். இரண்டு பஸ் மாறினால் வந்திருக்கலாம். இரண்டு பேரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதிலி கார் அனுப்புகிறாள். வா. அன்றைக்கு மேடையிலிருந்து வந்த தைரியத்தில், தடவிப் பார்க்காமல் உட்காரலாம் என்று வீட்டு நாற்காலி முன்னால் நின்று பார்த்தேன். முடியவில்லை. கை பின்னால்தான் போகிறது. நீ பிடித்துக்கொண்டு நின்றால்தான் வருகிறது.

உன்
குழலி